குதிரை ட்ரெய்னராக ஆசையா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

சிராங்கூன் சாலைக்கு இணையாக ஓடும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இன்று மீன்தலைக் கறி கிடைக்கும், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். குதிரை மட்டும் கிடைக்காது. ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. 1843-இல் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது பக்கத்திலிருக்கும் ஃபேரர் பார்க்கில். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது, 1999-இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூர் தங்கக் கோப்பை ஓடி முடிந்ததோடு எல்லாம் முடிந்தது. அந்த நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பப் போகிறது.

நான் கிராஞ்சியில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்து மண்டோர் வரை வந்தவன். தோட்டத்து மண்டோரைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். லாயத்து மண்டோரும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். மேலே குதிரைகளைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் ட்ரெய்னர், கீழே சைஸ்கள், நடுவில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள்.

இங்கே பந்தயமே இல்லாதபோது எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் லாய வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இங்கேயே சவாரிப் பள்ளிகளில் சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, குதிரையை வேகமாக ஓட வைப்பது எப்படி?" நான் சொல்லும் பதில், "அதைக் குதிரை பார்த்துக்கொள்ளும் தம்பி. அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று நீ பார்."

பொறுப்பு யார் தலையில்?

வேலை செய்கிற நாடு எதுவானாலும் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். குதிரையின் உடம்பில் தடைசெய்த மருந்து இருப்பது தெரிந்தால், அதைக் கொடுத்தது யார் என்று யாரும் முதலில் தேடமாட்டார்கள். குதிரை யார் பொறுப்பில் இருந்தது என்றுதான் கேட்பார்கள். பதில் ட்ரெய்னர். சைஸ் தெரியாமல் கொடுத்தான், தீவனத்தில் கலந்திருந்தது, களிம்பில் இருந்தது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். வென்ற பந்தயத்தைக் காப்பாற்ற உதவாது.

1968-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கெண்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் ஃபீனைல்பியூட்டசோன் இருந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற சாதாரண மருந்துதான், லாயத்தில் 'ப்யூட்' என்பார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தும் வெற்றி திரும்பவில்லை. 2021-இல் அதே டெர்பியை வென்ற மெடினா ஸ்பிரிட்டின் இரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற வீக்கம் அடக்கும் மருந்து சிக்கியது. ஒரு மில்லிலிட்டரில் 21 பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. தோல் அரிப்புக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று ட்ரெய்னர் தரப்பு சொன்னது. இருந்தும் 2022 பிப்ரவரியில் வெற்றி பறிபோனது. களிம்புக் குழாய் உங்கள் கையில் இருக்கும்போது இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தக் குதிரை?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளை இல்லாமல், ஒரே உயரத்தில் நான்கு குதிரைகள் வரிசையாக நின்றால் இரண்டாம் நாளே தடுமாறுவீர்கள். கழுத்தில் இருக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்துப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் மாடோ குதிரையோ வாங்கப் போனால் சுழி பார்ப்பார்கள், ராசிக்காக. குதிரைப் பாஸ்போர்ட்டிலும் சுழிகளைக் குறித்திருப்பார்கள், அடையாளத்துக்காக. நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கே இருக்கிறது என்று பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையாகப் பாருங்கள். பழைய ஆட்கள் சொல்லும் சுழிப் பலன்களைக் கேட்டுக்கொள்ளலாம், சுவாரசியமாக இருக்கும். நோட்டில் எழுத வேண்டாம்.

படி 2: காலைச் சுற்று

குதிரைக்குச் சேணம் போடுவதற்கு முன்னால், விளக்குப் போட்டதும் செய்யவேண்டிய வேலை இது. முதலில் பாக்ஸுக்கு, அதாவது குதிரை நிற்கும் அறைக்கு வெளியிலிருந்தே பாருங்கள். நேற்று இரவு போட்ட தீவனம் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா? தண்ணீர் குறைந்திருக்கிறதா? லத்தி வழக்கம்போல் இருக்கிறதா, அல்லது காய்ந்து குறைவாக இருக்கிறதா? படுக்கை ஒரே இடத்தில் கலைந்து குழியாகியிருந்தால் இரவெல்லாம் காலால் பறித்திருக்கிறது என்று அர்த்தம். வயிற்று வலியாக இருக்கலாம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். அதனால்தான் வயிற்று வலி குதிரைக்கு உயிர் ஆபத்து. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்துப் படுத்து எழுவது, உருள்வது. இதில் எதைக் கண்டாலும் தீவனத்தை எடுத்துவிட்டுக் குதிரை டாக்டரைக் கூப்பிடுங்கள். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டாக்டர் வருவதற்குள் வலி மருந்து கொடுத்துவிடவும் கூடாது. வலி அடங்கினால் அவருக்கு அறிகுறி தெரியாது, பந்தயம் பக்கத்தில் இருந்தால் வேறு சிக்கலும் வரும்.

அடுத்தது வெப்பமானி. வெப்பமானியில் ஒரு நூலைக் கட்டி நூலின் முனையில் ஒரு கிளிப் மாட்டி அதை வால் மயிரில் கோத்துவிடுங்கள். கீழே விழுந்து உடைவதும், உள்ளே போய் மாட்டிக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். ஓய்வாக இருக்கும் வளர்ந்த குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மூச்சு இதைக் கொஞ்சம் தாண்டும். பொது அளவைவிட அந்தக் குதிரையின் சொந்த அளவுதான் முக்கியம். தினமும் 37.4 காட்டும் குதிரை ஒரு நாள் 38.3 காட்டினால் புத்தகப்படி அது சரியான அளவு. என் கணக்கில் அது சரியில்லை. அன்றைக்கு அதை ஓட்ட விடமாட்டேன்.

பிறகு கால்கள். கையைத் தட்டையாக வைத்து முழங்காலிலிருந்து குளம்பு வரை மெதுவாக இறக்குங்கள். சூடு, வீக்கம், தொட்டதும் சுளிப்பு. இடது காலை வலது காலோடு ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் தசைநார்க் காயத்தை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அந்த ஒரு வாரம் குதிரை அந்தக் காலில் ஓடியிருக்கும். ஓடுகளத்தில் கால் முறியும் பல குதிரைகளின் எலும்பில் அதற்கு முன்பே சின்னச் சின்ன விரிசல்கள் இருந்திருப்பதைப் பிறகு செய்யும் பரிசோதனைகள் காட்டுகின்றன. அந்த விரிசல் வெளியே தெரிவது லேசான சூடாகவோ கொஞ்சம் குறுகிய நடையாகவோதான்.

உங்கள் உடம்பையும் சொல்லவேண்டும். இடது தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். மிரண்ட குதிரை 500 கிலோ. சுற்றிய கயிறு விரலை எடுத்துக்கொண்டு போய்விடும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், குதிரைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். காரணம் தெரியாமல் மூக்கில் நுரை தள்ளிச் சாகும் குதிரையைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. 1994-இல் பிரிஸ்பேனில் ஹெண்ட்ரா என்ற பகுதியில் ஒரு பந்தய லாயத்தில் குதிரைகள் அடுத்தடுத்து மாண்டன. கவனித்த ட்ரெய்னரும் அதே நோயில் இறந்துபோனார். அந்த வைரஸுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

படி 3: புழுக்கம், வியர்வை, இடி

குளிர் நாட்டில் எழுதிய கையேடுகள் இங்கேதான் கோட்டை விடும். நம் வட்டாரக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. வந்து சில மாதங்களில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். லாயத்தில் 'டிரை கோட்' என்பார்கள். நெற்றி ரோமம் உதிரும், தோல் காய்ந்து சாம்பல் பூத்திருக்கும், ஓடி முடித்து அரை மணி நேரம் ஆகியும் மூச்சு இறங்காது. உறுதியான மருந்து கிடையாது. குளிரான இடத்துக்கு அனுப்புவதுதான் நிச்சயமான வழி. அதுவரை விசிறி, தண்ணீர், உப்புக் கரைசல், விடியலுக்கு முன் மட்டும் வேலை. ஓடி வந்த குதிரை வியர்க்காமல் நிற்பதைப் பார்த்து "நல்ல தேகம்" என்று பெருமைப்பட்ட புதுப் பையனை எனக்குத் தெரியும். வேறு யாரும் இல்லை, நான்தான்.

வேகமாக ஓடி வந்த குதிரையின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். உடனே தண்ணீர் ஊற்றுங்கள், நிறைய, குளிர்ந்ததாக, விடாமல். சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் தடுப்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி வெப்பத்தில் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டன. குடிக்கவும் கொடுங்கள்.

இடி இடித்தால் வெளியே போகாதீர்கள். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இரும்பு லாடம் அடித்த விலங்கின் மேல் திறந்த வெளியில் உட்கார்ந்திருப்பவரிடம் இதற்கு மேல் என்ன சொல்வது. புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றின் மாசு அளவைப் பார்த்து வேலையைக் குறையுங்கள். குதிரை வாயால் மூச்சு விடாது, அதற்கு மூக்கு ஒன்றுதான் வழி.

படி 4: நோட்டு

இதற்காகத்தான் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

சேர்ந்து சில வருடம் ஆனபின் நடந்தது. ஒரு குதிரைக்கு முன்கால் வீங்கியிருந்தது. டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ப்யூட் பசை எழுதிக் கொடுத்திருந்தார். மாலைப் பொழுது பார்த்த ஆள் ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டு, கைபேசியில் யாரோ கூப்பிட்டதால் எழுதாமல் போய்விட்டார். ஏழு மணிக்கு நான் வந்தேன். நோட்டில் இல்லை. இல்லையென்றால் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நானும் கொடுத்தேன். அந்த மருந்து கூடினால் குதிரையின் குடலிலும் வாயிலும் புண் வரும், சிறுநீரகமும் கெடும். நல்லவேளை ஒரு தடவையோடு தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து வெளியேறும் கணக்கு மாறியதால் பதிவு செய்திருந்த பந்தயத்திலிருந்து குதிரையை விலக்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் கேட்டபோது யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. திட்டு எழுதாத ஆளுக்கு விழவில்லை, எழுத்தை நம்பிக் கொடுத்த எனக்கும் விழவில்லை. முழுக்க ட்ரெய்னருக்கு விழுந்தது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது. முதலில் பேனா, பிறகு மருந்து. எடுத்துக்கொண்டு போவதற்கு முன் நேரத்தை எழுதுங்கள், கொடுத்து முடித்ததும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். நேரம் மட்டும் இருந்து கையெழுத்து இல்லையென்றால், அடுத்து வருபவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

இரண்டு நோட்டு போதும். ஒன்று தினசரி நோட்டு. இப்படி எழுதலாம்:

"மார்ச் 12, காலை 5.40. பாக்ஸ் 7. வெப்பம் 37.6. தீவனம் கால்வாசி மிச்சம். முன் இடது கால், மூட்டுக்குக் கீழே உள்பக்கம் லேசான சூடு. ட்ரெய்னரிடம் 5.50-க்குச் சொன்னேன். ஓட்டம் இல்லை, நடை மட்டும். டாக்டர் 8.15-க்குப் பார்த்தார்."

"கால் சரியில்லை" என்று எழுதினால் எந்தக் கால், எந்த இடம், எப்போதிலிருந்து என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். விசாரணை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான்.

இன்னொன்று சிகிச்சை நோட்டு. பந்தய அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடியது. குதிரையின் பெயர், தேதி, நேரம், மருந்தின் பெயர், அளவு, வாய்வழியா ஊசியா பூச்சா, எந்த இடத்தில், என்ன காரணம், எந்த டாக்டர் சொன்னது, யார் கொடுத்தது, எப்போதோடு நிறுத்த வேண்டும். புட்டியின் தொகுப்பு எண்ணையும் எழுதிவைப்பது நல்லது, மருந்திலேயே கலப்படம் இருந்து பிரச்சினை வந்தால் தேவைப்படும். மூட்டுக்குள் போட்ட ஊசிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். வலியை மறைத்துவிட்டுக் குதிரையை ஓட்டுகிறார்களா என்று அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பென்சில் வேண்டாம். தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், எனக்கும் வரும். வார முடிவில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரப்புகிறவர்கள் உண்டு. பார்த்ததும் தெரிந்துவிடும். நிஜ லாய நோட்டில் தண்ணீர்க் கறை இருக்கும், மூன்று நிற மை இருக்கும், ஒரு பக்கத்திலாவது குதிரை மூக்கு வைத்த தடம் இருக்கும். கைபேசியில் எழுதுவதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி நோட்டு ஆகாது. அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

தடுப்பூசி விவரம் பாஸ்போர்ட்டிலேயே வரும். டெட்டனஸ், குதிரைச் சளிக்காய்ச்சல், நம் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். தேதி தவறினால் சில இடங்களில் குதிரையை வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் செத்தன. அதைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னப் பூச்சி. எந்த லாயத்துக்குப் போனாலும் மாலையில் வலையும் விசிறியும் போடுகிறார்களா என்று பார்த்து அதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

படி 5: மருந்து அலமாரி

பூட்டு இருக்கவேண்டும், சாவி ஒருவரிடம் இருக்கவேண்டும், பெயர் ஒட்டாத புட்டி ஒன்றுகூட இருக்கக்கூடாது. "இது நல்லா வேலை செய்யும்" என்று பக்கத்து லாயத்தில் கொடுத்தது எதுவானாலும் வேண்டாம்.

மருந்துகளை மனதில் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சில மருந்துகள் பந்தயக் குதிரையின் பக்கமே வரக்கூடாது. தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள், இரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் மருந்துகள் போன்றவை அந்த வகை. பயிற்சிக் காலத்தில் நேர்மையாக வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் பந்தய நாளில் உடம்பில் இருக்கக்கூடாது என்பவை அடுத்த வகை. ப்யூட், அதே போன்ற வலி மருந்தான ஃப்ளூனிக்சின், மயக்க ஊசிகள் எல்லாம் இதில் வரும். உங்களுக்குத் தினமும் தலைவலி கொடுக்கப்போவது இந்த வகைதான். இன்னும் சில பொருள்கள் குதிரையின் உடம்பிலோ தீவனத்திலோ இயற்கையாகவே இருப்பவை. அவற்றைச் சுழியமாக்க முடியாது என்பதால் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் கோபால்ட் 0.1 மைக்ரோகிராம், ஆர்சனிக் 0.3, தியோபுரோமின் 2, சாலிசிலிக் அமிலம் 750. இரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு லிட்டருக்கு 36 மில்லிமோல். கடைசியாகச் சொன்னது எதற்கென்றால், பந்தயத்துக்கு முன் சமையல் சோடாவைக் கரைத்துக் குழாய் வழியாகக் குதிரையின் வயிற்றில் இறக்கினால் தசை சோர்வது தள்ளிப்போகும் என்று ஒரு காலத்தில் பலர் செய்துவந்தார்கள். 'மில்க் ஷேக்' என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு.

புதியவர்கள் பலரும் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. மருந்து எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும் என்று கேட்டால் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். ஐரோப்பியப் பட்டியலில் ப்யூட் 168 மணி நேரம், ஃப்ளூனிக்சின் 144, மெலாக்சிகாம் 72 என்று இருக்கும். அதைப் பார்த்து "சரி, ஏழு நாள் ஆச்சு, ஓட்டலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு சில குதிரைகளுக்குக் குறிப்பிட்ட அளவு கொடுத்து, எல்லாக் குதிரையிலும் மருந்து சோதனையில் தெரியாமல் போக எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்த்துச் சொன்ன எண் அது. உங்கள் குதிரை அந்தச் சில குதிரைகளில் ஒன்று அல்ல. அதற்கு வயது வேறு, எடை வேறு, சிறுநீரகம் வேறு. எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதும் வேறு. அந்த எண்ணின் மேல் எத்தனை நாள் பாதுகாப்பாகக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக் குதிரை டாக்டர்தான் சொல்லவேண்டும், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கதி, ஃப்ளூனிக்சின் சிறுநீரில் வெளியேறிப் படுக்கையில் தங்கும். குதிரை அந்தப் படுக்கையைக் கொறிக்கும். மருந்து மறுபடி உள்ளே போகும். மருந்து நிறுத்தியதும் படுக்கையை முழுக்க மாற்றுங்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். நுரையீரலில் இரத்தம் கசியும் குதிரைகளுக்குப் பந்தயத்தன்றே ஃபியூரோசமைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தைப் போடுவது அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் பிரிட்டனிலும் பந்தய நாளில் அது கூடாது. புது இடத்தில் சேர்ந்த முதல் வாரமே அந்த ஊர் விதிப் புத்தகத்தை வாங்கி மருந்துப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

படி 6: காப்பி, கசகசா, கோடாலித் தைலம்

மருந்துப் புட்டியைவிட எனக்குப் பயம் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல்தான். லாயத்தில் நம் ஆட்கள் அன்பானவர்கள். தான் சாப்பிடுவதில் ஒரு வாய் குதிரைக்கும் கொடுக்காவிட்டால் மனது கேட்காது. ஒரு பையன் தினமும் காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தான் பார்க்கும் குதிரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். காப்பியில் காஃபின், சாக்லேட்டிலும் மைலோவிலும் தியோபுரோமின். இரண்டுமே சோதனையில் தெரியும். நான் கையைப் பிடித்தபோது அவன் சொன்னது, "அது கேக்குது அண்ணே." கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பார்களே, காப்பி ரொட்டிக்கும் வாயைத் திறக்கத்தான் செய்யும்.

கசகசா இன்னொன்று. அதில் மார்ஃபின் சுவடு உண்டு. சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுவருவதே ஏன் தொல்லை என்று ஊரிலிருந்து பெட்டி கட்டிவந்த எல்லோருக்கும் தெரியும். அதே காரணம்தான் லாயத்திலும். குருமா சாப்பிட்ட கையோடு தீவனத் தொட்டியில் கைவைக்காதீர்கள். மிளகாயின் காரச்சத்தும் தடைப்பட்டியலில் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் தாண்டும் குதிரைகள் நான்கு அதனால் சிக்கின. சம்பல் சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புல்லோடு ஊமத்தஞ்செடி அறுபட்டு வந்தால் அதிலும் பிரச்சினை. மூட்டை பிரிக்கும்போது அதன் இலையும் முள்காயும் தெரிந்திருக்கவேண்டும், நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் கோடாலித் தைலம். ஊருக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் அரை டஜன் இருக்கும் அதே தைலம். அதில் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. முதுகுவலி இல்லாத லாயத் தொழிலாளி உலகத்திலேயே இல்லை என்பதால் எல்லோர் கையிலும் அந்த வாசனை வரும். தேய்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்து வீட்டில். அந்தக் கையோடு கடிவாளத்தைக் குதிரையின் வாயில் மாட்டாதீர்கள்.

கடைசியாகச் சொல்ல வெட்கப்படும் ஒன்று. பாக்ஸுக்குள் சிறுநீர் கழிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறோம்! அது உடம்பில் பெரிதாக மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். வைக்கோலில் விழும், குதிரை தின்னும். அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளின் சோதனையில் மெட்ஃபார்மின் தென்பட்ட வழக்குகளில், லாய ஆட்களிடமிருந்து வந்திருக்கலாம் என்ற வாதம் எழுந்திருக்கிறது. கழிப்பறை தூரம் என்றால் ட்ரெய்னரிடம் சண்டை போட்டுப் பக்கத்தில் ஒன்று கேளுங்கள். நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

படி 7: பந்தய நாளும் விசில் சத்தமும்

பந்தய நாளில் தீவனமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இல்லை. பல இடங்களில் ஊசிக்குழலும் வயிற்றுக்குழாயும் கையில் இருந்தாலே குற்றம். குதிரையைத் தனியாக விடாதீர்கள், பாத்ரூம் போனாலும் ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஓடி முடிந்தபின் சோதனை என்று கூப்பிட்டால் பதறவேண்டாம். வென்ற குதிரையைப் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். அமைதியான பாக்ஸில் குதிரையை விட்டுக் குச்சியில் கட்டிய கோப்பையோடு ஒருவர் நிற்பார். விசில் அடிப்பார். நாமும் அடிப்போம். சின்ன வயதிலிருந்தே விசிலுக்குச் சிறுநீர் கழிக்கப் பழக்கிய குதிரை இரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்கும். பழக்காதது முக்கால் மணி நேரம் நம்மை விசில் அடிக்க வைக்கும். லாயத்தில் தினமும் காலையில் விசில் பழக்குங்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள். வரவில்லையென்றால் இரத்தம் எடுப்பார்கள்.

எடுத்ததை இரண்டு பாகமாகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். முதல் பாகத்தில் ஏதாவது தெரிந்தால், ட்ரெய்னர் கேட்கும்போது பிரித்துப் பார்ப்பதற்கு இரண்டாவது பாகம். முத்திரையில் இருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்தினாலும் பாருங்கள். பார்க்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான்.

படி 8: குதிரை கிளம்பும்போது

விற்றாலும், ஓய்வு கொடுத்தாலும், வேறு நாட்டுக்கு அனுப்பினாலும் பாஸ்போர்ட்டோடு கடைசி மூன்று மாதச் சிகிச்சைப் பக்கங்களின் நகலையும் கொடுத்தனுப்புங்கள். மூட்டில் ஊசி போட்டிருக்கிறதா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, எந்தக் காலில் பழைய காயம் என்று அடுத்த ஆளுக்குத் தெரியவேண்டும். இதை மறைத்தால் விலை கூடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்தக் குதிரையில் அடுத்து ஏறப்போவது பதினைந்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம்.

2024-க்குப் பிறகு கிராஞ்சியிலிருந்து குதிரைகள் ஒவ்வொன்றாக லாரி ஏறின. நான் பார்த்துக்கொண்டிருந்த குதிரை போன அன்றும் காலையில் வெப்பம் பார்த்தேன், 37.5. தொட்டி காலி, லத்தி வழக்கம்போல். நகல்களை உறையில் போட்டு ஓட்டுநரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நோட்டில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். பழக்கம் என்றேன்.